எக்ஸ்எஃப்சிஇ மெனு: ஒரு கொமினிகேஷன் கடைக்காரன் பார்த்த அளவில்

மட்டக்களப்புப் பக்கம், களுவாஞ்சிகுடியில் மெயின் ரோட்டோரமாக ஒரு சின்னக் கொமினிகேஷன் வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி, ஸ்கேன், பிரிண்ட், லெமினேட், தமிழ் டைப்பிங், ரீலோட், ஒன்லைன் போர்ம் நிரப்பிக் கொடுப்பது, இவ்வளவுதான் தொழில். காலையில் பிரதேச செயலகத்துக்குப் போகிற ஆட்கள், பின்னேரம் டியூட்டரிப் பிள்ளைகள், நடுவில் வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையிலிருந்து வருகிறவர்கள். மண்டூர்ப் பக்கத்து ஆட்கள் பாதை ஏறி வாவியைக் கடந்து குருமண்வெளியில் இறங்கி வருவார்கள். பாதை என்றால் ரோட்டு இல்லை, ஆளையும் மோட்டார்சைக்கிளையும் ஏற்றிக் கடத்துகிற மிதவை. வந்து நின்ற கையோடு "மகன், பாதை போயிரும், கெதியா எடுத்துத் தாங்க" என்பார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கொம்பியூட்டரில் புரோகிராம்களைத் தேடித் திறக்கிற டெஸ்க்டொப் மெனுவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அது வடிவாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். ஆள் முன்னால் நிற்கும்போது ஸ்கேனர் புரோகிராமைத் தேடி நான் மெனுவுக்குள் அலைகிறேனா இல்லையா என்பதுதான் என் கணக்கு.

கடையில் இரண்டு கொம்பியூட்டர். இரண்டும் நாலாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், யாரோ ஒப்பிஸில் பாவித்துக் கழித்ததை வாங்கியது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்தது, விண்டோஸ் 11 இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே பெரும்பாலும் முறைப்படி ஏறாது. புது மெஷின் வாங்குகிற விலைக்கு ஒரு நல்ல போட்டோகொப்பி மெஷினே வாங்கலாம். சரி என்று விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22, அதிலும் பாரம் குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டேன். எக்ஸ்எஃப்சிஇ என்பது ஸ்கிரீனில் தெரிகிற மெனு, ஜன்னல், ஐகன் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற டெஸ்க்டொப். இந்த மின்ட், உபுண்டு என்கிற இன்னொரு லினக்ஸின் 24.04 பதிப்பை அடிப்படையாகக் கொண்டது, 2029 வரை அப்டேட் வரும், அதுவரை இந்த மெஷின் உயிரோடு இருந்தால் பெரிய விஷயம்.

இதில் ஸ்கிரீனின் அடிப் பட்டையான பேனலின் இடது மூலையில் இருக்கிற பட்டனை அழுத்தினால் வருவது விஸ்கர் மெனு. கீபோர்டில் விண்டோஸ் படம் போட்ட கீயை அழுத்தினாலும் வரும். திறந்தவுடனே எழுதலாம், எழுத எழுதத் தேடும். இதுவரை எல்லாம் விண்டோஸ் மாதிரியே. சிக்கல் வந்தது பிரிவுகளில்தான். கடையில் வேலை செய்கிற தங்கச்சி முதல் நாளே கேட்டாள், "அண்ணா, ஸ்கேனர் எங்க கிடக்கு?" அவள் ஒப்பிஸ் பிரிவில் தேடியிருக்கிறாள். நியாயம்தானே, ஸ்கேன் என்பது கடிதம், பத்திரம், அடையாள அட்டை. ஆனால் அது கிராபிக்ஸ் பிரிவுக்குள், படம் வரைகிற புரோகிராம்களுக்கு நடுவில் குந்திக்கொண்டிருந்தது. ஒவ்வொரு புரோகிராமும் தன்னை எந்தப் பிரிவில் சேர்க்க வேண்டும் என்பதைத் தன் சின்ன டெஸ்க்டொப் பைலுக்குள் எழுதி வைத்திருக்கும், மெனு அதைப் படித்து அடுக்குகிறது. அதை எழுதியவர் களுவாஞ்சிகுடியில் கடை வைத்திருக்கவில்லை, அவரைக் குறை சொல்ல முடியாது.

முதல் மருந்து சுலபம். எந்தப் பெயரிலும் ரைட் கிளிக் பண்ணி விருப்பப் பட்டியலில் சேர்க்கலாம், சேர்த்ததை மவுஸால் பிடித்து இழுத்து மேலே கீழே வைக்கலாம். மெனு பட்டனில் ரைட் கிளிக் பண்ணி அமைப்புகளுக்குப் போனால், திறந்தவுடன் முதலில் விருப்பப் பட்டியல் தெரிய வேண்டுமா, கடைசியாகப் பாவித்தது தெரிய வேண்டுமா, எல்லாமும் தெரிய வேண்டுமா என்று தெரிவு செய்யலாம். பெரிய ஐகன்களாகவோ வரிசையாகவோ காட்டச் சொல்லலாம். பட்டனின் ஐகனையும் மாற்றலாம், பக்கத்தில் எழுத்தும் போடலாம். நான் "வேலை" என்று போட்டேன், தங்கச்சி மின்ட் இலைக்குப் பதிலாக ஒரு மீன் படத்தை எங்கேயோ எடுத்து வைத்துவிட்டாள். மட்டக்களப்பு ஆளுக்கு மீன் இல்லாமல் சரிவராதாம். ஒரு ஐயா ஸ்கிரீனை எட்டிப் பார்த்து "மீன் கடையும் நடத்துறியளோ" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்தது பெயர். இங்கேதான் விளையாட்டு தொடங்கியது. மின்ட் எக்ஸ்எஃப்சிஇயில் மெனுவைத் திருத்த மெனுலிப்ரே என்று ஒரு கருவி இருக்கிறது. இடப் பக்கம் பிரிவுகளும் புரோகிராம்களும், வலப் பக்கம் பெயர், விளக்கம், கட்டளை, ஐகன், எந்தப் பிரிவு, மெனுவில் மறைக்கவா என்கிற விபரங்கள். அதில் டொக்கியுமென்ட் ஸ்கேனர் என்றிருந்ததை "ஸ்கேன் எடுக்க" என்று மாற்றினேன். கடிதம் டைப் பண்ணுகிற லிப்ரே ஒப்பிஸ் ரைட்டர் "கடிதம் அடிக்க" ஆனது, அதன் கணக்குத் தாளான கல்க் "பில் போட" ஆனது. எங்கள் பக்கத்து டைப்பிங்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: நான் கைப்பழக்கத்தில் முதலில் பாமினியில் அடித்துவிட்டேன். பாமினி, எந்த எழுத்துருவிலும் தமிழாகவே நிற்கிற யுனிகோட் இல்லை, ஆங்கில எழுத்துகளின் மேலே தமிழ் வடிவத்தை ஒட்டிய பழைய எழுத்துரு. மெனுவுக்கு அந்த எழுத்துரு தெரியாது, அதனால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பூனை கீபோர்டில் நடந்த மாதிரி எழுத்தும் புள்ளியும் அரைப்புள்ளியுமாக வந்து நின்றது. ரெங்கநாதன் என்கிற தமிழ் கீபோர்டைப் போட்டுக்கொண்டு யுனிகோட்டில் திரும்ப அடித்ததும் சரியாகிவிட்டது.

பெயரைத் தமிழாக்கினால் ஒரு பக்க விளைவு உண்டு. மொத்தப் பட்டியலில் ஆங்கிலப் பெயர்கள் முதலில் வரும், தமிழ்ப் பெயர்கள் அடியில் போய் விழும். தேடும்போதும் கீபோர்டைத் தமிழுக்கு மாற்றித்தான் தேட வேண்டுமோ என்று பயந்தேன், அது தேவைப்படவில்லை. விஸ்கர் மெனு பெயரை மட்டும் பார்ப்பதில்லை, விளக்கத்தையும் கட்டளையையும் தேடல் சொற்கள் என்று தனியாக இருக்கிற வரியையும் பார்க்கிறது. அந்தத் தேடல் சொற்கள் வரியில் நாங்கள் வாயால் சொல்கிற சொல்லை ஆங்கில எழுத்தில் அடித்து வைத்தால் போதும். "படம்", "கடிதம்", "பில்" எல்லாவற்றையும் அப்படிப் போட்டேன். இப்போது தங்கச்சி இரண்டு எழுத்து தட்டி என்டர் அடிக்கிறாள், மவுஸையே தொடுவதில்லை. இந்த ஒரு வரிக்காகவே மெனுலிப்ரேக்கு முழுப் புள்ளி கொடுப்பேன்.

அப்புறம் எனக்கு ஆசை கூடிவிட்டது. தேவையில்லாததையெல்லாம் மறைக்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொன்றாக மறைத்தேன், மறைத்த வேகத்தில் மெனுலிப்ரேயையும், கட்டளை அடிக்கிற டெர்மினலையும் சேர்த்து மறைத்துவிட்டேன். திறப்பை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் கதவைப் பூட்டின கதை. நல்ல வேளையாக மறைப்பது என்றால் அழிப்பது இல்லை. ஆல்ட் கீயோடு எஃப்2 அழுத்தி வருகிற பெட்டியில் கருவியின் பெயரை அடித்தேன், திறந்தது, மறைத்ததைத் திரும்பக் காட்டச் சொன்னேன்.

இன்னொரு விஷயம் கொஞ்சம் நாள் கழித்துத்தான் விளங்கியது. நீங்கள் ஒரு பெயரைத் திருத்தும்போது மெனுலிப்ரே மூலப் பைலைத் தொடுவதில்லை. உங்கள் ஹோம் போல்டருக்குள், மறைந்திருக்கிற ஒரு போல்டரில், அதன் பிரதி ஒன்றை எழுதி வைக்கிறது. மெனு அந்தப் பிரதியைத்தான் மதிக்கும். இது நல்லதுதான், ஏனென்றால் எதைக் குழப்பினாலும் பிரதியை அழித்தால் பழையது திரும்பி வரும், மற்ற யூசருக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் மூலப் பைல் பிறகு மாறினால் உங்கள் பிரதி மாறாது. நான் லிப்ரே ஒப்பிஸை அவர்களுடைய தளத்திலிருந்தே இறக்கிப் போட்டிருந்தேன், அப்படிப் போட்டால் திறக்கிற கட்டளைப் பெயரிலேயே 24.8 என்று பதிப்பு எண் ஒட்டியிருக்கும். 25.2க்கு மாறி, பழையதை நீக்கிய அன்று "கடிதம் அடிக்க" என்பதை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. அன்றைக்கென்று கடையில் ஆள் நிறைய. பாதைக்கு நேரமாகிவிட்டது என்று ஒரு அம்மா மூன்று தரம் சொன்னார். கடைசியில் ஐகன் அங்கேயே இருக்கிறது, அது கூப்பிடுகிற ஆள்தான் வீட்டில் இல்லை என்று கண்டுபிடித்து, கட்டளையில் எண்ணை மாற்றினேன். தவறு என்னுடையதுதான், ஆனால் மெனு அந்த இடத்தில் ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

பிரிவுகளின் வரிசையையே மாற்றுவதும் சொந்தமாகப் பிரிவு உண்டாக்குவதும் மெனுலிப்ரேயில் முடியும். செய்து பார்த்தேன், விட்டுவிட்டேன். விருப்பப் பட்டியல் இருக்கும்போது அந்தப் பாடு வேண்டாம். யாராவது செய்து குழம்பினால், ஹோம் போல்டரில் கன்ட்ரோலோடு எச் அழுத்தி மறைந்ததையெல்லாம் காட்டச் சொல்லி, கொன்பிக் போல்டருக்குள் மெனுஸ் என்பதற்குள் இருக்கிற எக்ஸ்எஃப்சிஇ மெனுப் பைலை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு லொக் அவுட் பண்ணி வாருங்கள், முதலில் இருந்த நிலைக்கு வந்துவிடும்.

இவ்வளவும் மூலையில் இருக்கிற மெனுவைப் பற்றி. ஆனால் என்னை இந்த டெஸ்க்டொப்பில் கட்டிப்போட்டது இன்னொரு மெனு, பைலின் மேலே ரைட் கிளிக் பண்ணினால் வருகிறதே, அது. துனார் என்கிற பைல் மனேஜரில் எடிட் மெனுவுக்குப் போய் நமக்கான செயல்களைச் சேர்க்கலாம். ஒரு பெயர், ஒரு கட்டளை, ஒரு ஐகன், எந்த வகைப் பைலுக்கு அது தெரிய வேண்டும் என்று சில பெட்டிகள். கட்டளையின் கடைசியில் சதவீதக் குறியும் பெரிய எஃப் எழுத்தும் போட்டால், தெரிவு செய்த பைல்கள் எல்லாம் அந்த இடத்தில் போய் உட்காரும். புரோகிராமிங் எல்லாம் தேவையில்லை.

என்ன வேலைக்கு என்று கேட்டால், எங்கள் கடையில் ஒரு நாளைக்கு இருபது தரமாவது நடக்கிற ஒன்றைச் சொல்கிறேன். ஆள் வட்ஸ்அப்பில் அனுப்புகிற பத்திரம் ரைட்டர் பைல், கேட்பது பிடிஎஃப். முன்பு பைலைத் திறந்து, திறக்கும் வரை காத்திருந்து, ஏற்றுமதி மெனுவுக்குப் போய், பெயர் கொடுத்து, மூடி. இப்போது பைலில் ரைட் கிளிக், "பிடிஎஃப் ஆக்கு", முடிந்தது. பின்னால் லிப்ரே ஒப்பிஸ் ஜன்னலே திறக்காமல் வேலையைச் செய்து பக்கத்தில் பிடிஎஃப்பை வைத்துவிடுகிறது. ஒன்லைன் போர்ம்களுக்குப் போனில் எடுத்த பெரிய படங்களை ஏற்ற முடியாது, அதற்கு "படத்தைச் சின்னதாக்கு", அதன் பின்னால் வேலை செய்வது இமேஜ்மெஜிக் என்கிற படம் திருத்துகிற புரோகிராம். மூன்றாவது "ஒரு கொப்பி அடி", நாலாவது "இரு பக்கமும் அடி", இரண்டும் பிரிண்டருக்கு நேரே அனுப்புகிற ஒற்றை வரிக் கட்டளைகள். பத்துப் பிடிஎஃப்பைத் தெரிவு செய்து ஒரே தட்டில் அனுப்பிவிட்டுத் தாள் அடுக்கப் போகலாம்.

சேர்க்கிறவர்கள் கவனிக்க வேண்டியது, படங்களுக்கான செயல் என்றால் படம் என்ற பெட்டியில் டிக் போட மறக்காதீர்கள், போடாவிட்டால் ரைட் கிளிக்கில் வரவே வராது, கட்டளை பிழையோ என்று அரை மணித்தியாலம் மண்டையை உடைப்பீர்கள். நான் உடைத்தேன். படம் சின்னதாக்குகிற கட்டளையும் மூலப் படத்தின் மேலேயே எழுதாமல் புதுப் பெயரில் எழுதுகிற மாதிரி இருக்கட்டும், ஆளின் அசல் படத்தைக் கெடுத்துவிட்டு முழிக்கக் கூடாது. செயல்கள் கூடிப் போனால் துனாரின் 4.18 பதிப்பிலிருந்து அவற்றை ஒரு துணை மெனுவுக்குள் போட்டு வைக்கலாம், எனக்கு ஏழுதான் என்பதால் வெளியிலேயே விட்டிருக்கிறேன். விண்டோஸ் 11இல் ரைட் கிளிக் பண்ணினால் முதலில் சுருக்க மெனு, பழைய மெனு வேண்டுமென்றால் இன்னொரு வரியை அழுத்த வேண்டும். அதைப் பாவித்துவிட்டு இதற்கு வந்தால் வித்தியாசம் கையிலேயே தெரியும்.

மற்ற டெஸ்க்டொப்புகளையும் தொட்டுப் பார்த்தேன். மின்டின் சினமன் பதிப்பில் மெனு இன்னும் மெருகு, அதில் ரைட் கிளிக் செயல்களுக்குப் பைல் எழுதி வைக்க வேண்டும், என் 4 ஜிபிக்கு அது கொஞ்சம் பாரமாகவும் இருந்தது. கேடிஇ என்கிற இன்னொரு டெஸ்க்டொப்பில் மெனு திருத்துகிற கருவிதான் எல்லாவற்றிலும் உருப்படி, ஆனால் அமைப்புகள் ஒரு காடு. கடைக்கு எக்ஸ்எஃப்சிஇ போதும். விஸ்கர் மெனுவுக்கு ஐந்துக்கு நாலு, மெனுலிப்ரேக்கு மூன்றரை (தேடல் சொற்களுக்குக் கொடுத்த முழுப் புள்ளியை லிப்ரே ஒப்பிஸ் கதை கொஞ்சம் தின்றுவிட்டது), துனார் ரைட் கிளிக்குக்கு ஐந்து.

துனாரின் செயல்கள் எல்லாம் ஒரே ஒரு சின்னப் பைலில்தான் கிடக்கின்றன, அதனால் போன வாரம் அதைப் பென்ட்ரைவில் எடுத்து இரண்டாவது மெஷினில் போட்டேன். ஏழும் அப்படியே வந்தன. பிரிண்டரின் பெயர் அங்கே வேறு, அதை மட்டும் இரண்டு வரியில் மாற்ற வேண்டியிருந்தது. மாற்றும் வரை "ஒரு கொப்பி அடி" என்று தங்கச்சி தட்டிக்கொண்டே இருந்தாள், தாள் வரவில்லை.