சத்ரியா ஜிடிஐக்கு 555 பால் ஜாயின்ட், டை ராட் எண்ட்: மாற்றி ஓட்டிப் பார்த்ததில்

புரோட்டோனின் பழைய சத்ரியா ஜிடிஐ காடி வைத்திருப்பவர்கள் எதில் காசு போடுகிறார்கள் என்று பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு (ரிங்கிட்) அட்ஜஸ்டபிள் அப்சோர்பர், அலாய் ரிம், புகைபோக்கி. குனிந்து அடியில் பார்த்தால் ரப்பர் கிழிந்து, கிரீஸ் எல்லாம் வழிந்து போன பால் ஜாயின்ட், அதாவது சக்கரத்தை அடியில் பிடித்து வைக்கும் உருண்டை மூட்டு. ஐம்பது வெள்ளிகூடப் பெறாத அந்தச் சாமானை மாற்ற மட்டும் யாருக்கும் மனசு வராது. அது கழன்றால் சக்கரம் மடங்கிக்கொண்டு காடி தரையில் உட்கார்ந்துவிடும், அப்சோர்பர் என்ன விலையாக இருந்தாலும் சரி.

புரோட்டோன், பிரிட்டனின் ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனமான லோட்டஸை வாங்கியது 1996-ல். அந்தச் சம்பந்தத்தில் பிறந்த காடி இது. 1.8 லிட்டர் மிட்சுபிஷி 4ஜி93 இன்ஜின், 140 குதிரைத்திறன், பின்னால் லோட்டஸ் பெயர் போட்ட சின்னம். 2005-ல் உற்பத்தி நின்றது. ஆக, இன்று ரோட்டில் ஓடும் ஜிடிஐயில் ஆக இளையதற்கே இருபது வயது. நான் இருப்பது கிள்ளான். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் உழுது போட்ட ரோட்டில்தான் தினமும் ஓட்டம். முன் சக்கரத்து ஜாயின்ட்டுகள் இத்தனை நாள் தாங்கியதே பெரிது.

என் காடியில் முதலில் வந்தது சத்தம். வேகத்தடை ஏறி இறங்கும்போது இடது பக்கம் 'டக்' என்று ஒன்று. அப்புறம் பெடரல் ஹைவேயில் தொண்ணூறைத் தாண்டினால் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் லேசாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. கைக்கு அது பழகிவிடும், அதுதான் ஆபத்து. ஜேக் போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினேன், பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இடதும் வலதுமாகப் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்டில், அதாவது ஸ்டீயரிங் திருப்பலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியின் நுனி மூட்டில், ஆட்டம் நன்றாகவே தெரிந்தது.

ஆனால் பட்டறை ஃபோர்மேன் அண்ணன் அதோடு விடவில்லை. "தம்பி, கையால ஆட்டிப் பார்த்து பால் ஜாயின்ட் நல்லாருக்குன்னு சொல்லாதீங்க" என்றார். நீளமான கடப்பாரை ஒன்றை லோவர் ஆர்முக்கும் (அடியில் சக்கரத்தைப் பிடிக்கும் கை) நக்கிளுக்கும் (சக்கரம் மாட்டியிருக்கும் இரும்புத் துண்டு) நடுவே விட்டு ஒரு நெம்பு நெம்பினார். ஜாயின்ட் மேலே எழும்பி இறங்கியது கண்ணுக்கே தெரிந்தது. இந்தக் காடியில் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது அப்சோர்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஒரே தூண். எடையைத் தாங்குவது ஸ்பிரிங்கும் ஸ்ட்ரட்டும்தான். கீழே உள்ள பால் ஜாயின்ட் சக்கரத்தை அதன் இடத்தில் பிடித்து வைப்பதோடு சரி. அதனால் தேய்ந்தாலும் கையாட்டத்தில் சட்டென்று காட்டிக்கொடுக்காது.

சாமானுக்கு வருகிறேன். நான் எடுத்தது 555. ஜப்பானில் சங்கேய் என்ற நிறுவனம் செய்வது. நம் ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் பழைய பெயர். பால் ஜாயின்ட் இரண்டு, டை ராட் எண்ட் இரண்டு, உள்ளே ஸ்டீயரிங் ரேக்கில் மாட்டும் ரேக் எண்ட் இரண்டு. கூலியைச் சேர்க்காமல் முந்நூறு வெள்ளிக்குள் அடங்கிவிட்டது. புது ஜாயின்ட்டைக் கையில் எடுத்து, நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டை (மணி என்போம்) விரலால் அசைத்துப் பாருங்கள். நல்ல ஜாயின்ட் லேசில் அசையாது. அழுத்திச் சாய்த்தால் ஒரே சீராக, பிசினுக்குள் நகர்வதுபோல நகரும். விட்டால் விட்ட இடத்தில் நிற்கும். இதே காடிக்கு முன்பு ஒரு முறை பெயர் தெரியாத மலிவு ஜாயின்ட் மாட்டியிருந்தார்கள். அது பெட்டியிலிருந்து எடுத்த அன்றே தலை தொங்கிக்கொண்டு இருந்தது. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் ரப்பர் வெடித்து உள்ளே சேறு.

போலிப் பெட்டிகளும் நடமாடுவதால் பெட்டியின் நிறத்தை நம்ப வேண்டாம். எழுத்து சாமானின் மேலேயே தெளிவாகப் பதிந்திருக்கிறதா, ரப்பர் உறையைச் சுற்றியுள்ள கம்பி வளையம் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா, திருகுமரையில் பிசிறு இருக்கிறதா என்று கடை மேசையிலேயே பிரித்துப் பார்த்து வாங்குங்கள். பழைய சாமானைக் கையோடு கொண்டுபோவது இன்னும் நல்லது. சத்ரியா என்று மட்டும் சொன்னால் 1.3 லிட்டர் காடியின் சாமானை எடுத்து நீட்டிவிடுவார்கள், மணியின் கூம்பை ஒப்பிட்டுப் பார்த்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

கழற்றுவதில்தான் பாதிப் பட்டறைகள் சொதப்புகின்றன. டை ராட் எண்டின் மணி கூம்பு வடிவம். நக்கிளின் கூம்புத் துளைக்குள் இறுகி உட்கார்ந்திருக்கும். நட்டைக் கழற்றினாலும் வெளியே வராது. இதற்கு இரண்டு பல் உள்ள கவட்டை ஒன்றை நடுவில் விட்டுச் சுத்தியலால் அடிப்பது எளிய வழி, முரட்டு வழியும்கூட. ரப்பர் உறை நிச்சயம் கிழியும். சாமானைத் தூக்கிப் போடப் போகிறோம் என்றால் பரவாயில்லை. டிரைவ் ஷாஃப்ட் மாற்றவோ வேறு வேலைக்கோ கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டுவதென்றால் கவட்டையைக் கிட்டேயே சேர்க்காதீர்கள். திருகி அழுத்தும் புல்லர் வேண்டும். எங்கள் ஃபோர்மேன் புல்லரை மாட்டி இறுக்கிவிட்டு, நக்கிளின் காதில் பக்கவாட்டில் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினார். 'டங்' என்று துப்பாக்கி வெடித்ததுபோல விட்டது. நட்டை முழுதாகக் கழற்றாமல் நுனியில் இரண்டு சுற்று விட்டு வைத்திருந்ததால் எதுவும் பறந்து போகவில்லை.

பால் ஜாயின்ட் தனியாக மாற்றுவதா, லோவர் ஆர்மோடு முழுதாக மாற்றுவதா என்று கேட்பவர்களுக்கு: ஆர்மைக் காடியோடு இணைக்கும் ரப்பர் புஷ் நன்றாக இருந்தால் ஜாயின்ட் மட்டும் போதும். ஆனால் அழுத்தி ஏற்றும் பிரஸ் இயந்திரம் இருக்கிற பட்டறையாகப் பாருங்கள். புது ஜாயின்ட்டை வெளி விளிம்பில் குழாய் வைத்துத்தான் அழுத்த வேண்டும். நடுவில் அழுத்தினாலோ சுத்தியலால் அடித்து ஏற்றினாலோ மாட்டும்போதே பாதி ஆயுள் போய்விடும். ஆர்மைத் திரும்ப மாட்டியதும் புஷ் போல்ட்டை அரைகுறையாக இறுக்கிவிட்டு, காடியைத் தரையில் இறக்கி, எடை உட்கார்ந்த பிறகு கடைசி இறுக்கு. சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும். இதை நேரம் மிச்சம் பிடிக்கத் தவிர்க்கிற பட்டறைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

டை ராட் எண்ட் மாற்றுகிறவர்கள் ரேக் எண்டையும் சேர்த்தே மாற்றுங்கள் என்பேன். இரண்டும் ஒரே கம்பியின் இரு முனை. வெளியே புதுசு போட்டதும் உள்ளே இருக்கிற பழைய ஆட்டம்தான் இன்னும் கேட்கும். கூலி பெரிதாகக் கூடாது, ரேக்கை மூடியிருக்கும் மடிப்பு ரப்பரை மட்டும் கழற்ற வேண்டும். மணியை இறுக்கும் நட்டின் (தலையில் வெட்டுள்ள 'காசில் நட்') வெட்டும் மணியின் துளையும் நேர்கோட்டில் வரவில்லை என்றால் கொஞ்சம் மேலே இறுக்கி நேராக்க வேண்டும். தளர்த்தி நேராக்குவது கூடவே கூடாது. நட்டு கழலாமல் அந்தத் துளையில் போடும் பழைய பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடுவது அதைவிட மோசம். பத்துக் காசுச் சாமான் அது.

பழைய டை ராட் எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி, அதே அளவு புதியதைத் திருகினாலும், சக்கரக் கோணம் சரிபார்க்கும் அலைன்மென்ட் கடைக்குப் போகிற வரைக்கும்தான் அது போதும். ஜிடிஐயில் முன்பக்கம் டோ (சக்கரங்கள் உள்ளே, வெளியே திரும்பி நிற்கும் அளவு) மட்டும்தான் சரிசெய்யலாம், கேம்பருக்கு (சக்கரம் மேலே சாய்ந்து நிற்கும் அளவு) அசலில் வசதி இல்லை. அதனால் அலைன்மென்ட் கடைக்காரர் 'கேம்பரும் பார்க்கிறேன்' என்று தனிக் காசு கேட்டால் எதை வைத்துத் திருப்புவார் என்று கேளுங்கள்.

பலன்? 'டக்' சத்தம் போயே போச்சு. ஸ்டீயரிங் நடுவில் இருந்த அந்தச் செத்த இடம் இல்லை. திருப்பினால் மூக்கு உடனே திரும்புகிறது. உலு யாம் மலை ரோட்டில் வளைவுக்குள் பிரேக்கை விடும்போது முன்பு ஒரு தயக்கம் இருக்கும், சக்கரம் ஒரு நொடி யோசித்துவிட்டுத் திரும்பும். இப்போது அது இல்லை. ஆனால் ஒன்று, ஜாயின்ட்டுகள் இறுகியதும் அப்சோர்பரின் மேல்முனையைப் பிடிக்கும் மவுன்ட்டின் முனகல் காதில் விழ ஆரம்பித்திருக்கிறது. முன்பு மற்ற சத்தத்தில் அது அடங்கிப் போயிருந்தது. அதற்கு இரண்டு மவுன்ட் ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறேன். வந்ததும் போட்டுவிட்டு அலைன்மென்ட்டை இன்னொரு முறை பார்க்க வேண்டும்.