ஃபிகரோவை எந்தக் காலத்துக்கு நகர்த்தலாம்?

மொசார்ட்டின் ‘ஃபிகரோவின் திருமணம்’ என்ற ஓபரா (இசை நாடகம்) 1786இல் வியன்னாவில் அரங்கேறியது. கதைக்களம் ஸ்பெயினின் செவில் நகருக்கு அருகே ஒரு பிரபுவின் மாளிகை. அவருடைய வேலையாள் ஃபிகரோவும் சீமாட்டியின் (பிரபுவின் மனைவி) பணிப்பெண் சுசன்னாவும் மணமுடிக்கவிருக்கிறார்கள்; பிரபுவோ மணப்பெண்மீது கண் வைக்கிறார். காலத்தை மாற்றி இதை மேடையேற்றியவர்களில் மூவரை ஒப்பிடுவோம்: 1988இல் நியூயார்க்கின் டிரம்ப் டவருக்குக் கொண்டுபோன பீட்டர் செல்லர்ஸ், 2012இல் இங்கிலாந்தின் கிளைண்ட்போர்ன் ஓபரா விழாவில் 1960களின் ஸ்பெயினைக் காட்டிய மைக்கேல் கிராண்டேஜ், 2014இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் 1930களின் செவிலைத் தேர்ந்த ரிச்சர்ட் அய்ர்.

உடையும் நாற்காலியும் எளிதில் மாறிவிடும். கதையின் முடிச்சுகள்தான் மாற மறுக்கும். இரண்டாம் அங்கத்தில் சீமாட்டியின் அறையில் சிக்கிக்கொண்ட ஏவல் பையன் கெருபினோ ஜன்னல் வழியே குதிக்கிறான். சற்று நேரத்தில் தோட்டக்காரன் உடைந்த பூந்தொட்டியோடு வந்து நிற்கிறான். அப்படியானால் கீழே தோட்டம் வேண்டும், குதித்தவன் எழுந்து ஓடக்கூடிய உயரமும் வேண்டும். செவில் மாளிகைகளில் இதில் சிக்கலே இல்லை. செல்லர்ஸின் 52ஆம் மாடியிலோ சிரிக்க வேண்டிய இடத்தில் வயிறு கலங்குகிறது.

அடுத்தது கடிதம். பிரபுவை ஏமாற்றித் தோட்டத்துக்கு வரவழைக்க, சீமாட்டி சொல்லச் சொல்ல சுசன்னா எழுதுகிறாள். சொன்னதைத் திருப்பிப் பாடுவதிலேயே அந்த இருவர் பாட்டு கட்டப்பட்டிருக்கிறது. அதனால் தொலைபேசி வந்த காலத்திலும் கடிதத்தை நீக்க முடியாது. அதைச் செருகிய குண்டூசி பிரபுவின் விரலில் குத்தியே ஆக வேண்டும்; நான்காம் அங்கம் தொடங்குவதே தோட்டக்காரனின் மகள் பார்பரினா தொலைந்த குண்டூசியைத் தேடுவதில்தான். ‘போனில் சொல்லியிருக்கலாமே’ என்ற கேள்வி 1988இல் உறுத்தும், 1930களில் அவ்வளவாக எழாது. கெருபினோவைப் பட்டாளத்துக்கு அனுப்பும் அதிகாரமும் அப்படித்தான்: ஸ்பானியப் பிரபுவுக்குப் பொருந்தும், நியூயார்க் கோடீஸ்வரருக்கு ஒட்டாது.

ஆனால் ஏற்றத்தாழ்வைக் காட்டுவதில் செல்லர்ஸை மிஞ்ச ஆளில்லை. ஃபிகரோ கட்டிலுக்கு அளவெடுக்கும் இடம் அங்கே துணி துவைக்கும் அறை. ஒரு வார்த்தை விளக்கமின்றி எசமான் யார், ஏவலாள் யார் என்று தெரிந்துவிடுகிறது. அய்ரும் இதை விடவில்லை. முன்னிசை ஒலிக்கும்போதே பிரபுவின் படுக்கையிலிருந்து ஒரு பணிப்பெண் அரைகுறை உடையில் ஓடுகிறாள்.

கிராண்டேஜின் 1960கள் கண்ணுக்கு விருந்து. ஆண்களும் முடி வளர்த்த காலம் என்பதால் கெருபினோவின் பெண்வேடமும் இயல்பாக அமைகிறது. ஆனால் மணப்பெண்மீது பிரபு கோரும் பழைய ‘முதலிரவு’ உரிமை அந்தக் கொண்டாட்டத்தில் பல்லிழந்துவிடுகிறது. இந்த ஓபராவுக்கு அது பெரிய இழப்பு.

மூன்றில் என் தேர்வு அய்ர். புதிதாகக் காலம் மாற்ற நினைப்பவர்கள் நான்காம் அங்கத்தை முதலில் சோதிக்கட்டும்: சீமாட்டியும் சுசன்னாவும் உடை மாற்றிக்கொண்டால் கட்டிய கணவனே ஏமாற வேண்டும். அதற்கு உடல்வாகை மறைக்கும் மேலங்கியும், தெருவிளக்கு எட்டாத தோட்டமும் தேவை.