கிட்டார் பெட்டியும் மைக் செட்டும்: எதை மீட்பது, எதை மாற்றுவது?

பசுமலையில் என் வேலை மேசையின் மேல் கடந்த கோடையில், டிரான்சிஸ்டருக்கு முந்தைய காலத்துக் கண்ணாடிக் குமிழ்களான வால்வுகளைக் கொண்டு ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்கள் இரண்டு அருகருகே இருந்தன. ஒன்று, தேவாலயப் பாடகர் குழுவில் பல ஆண்டுகள் ஒலித்துவிட்டுப் பழைய சாமான் அறைக்குப் போய்விட்ட இங்கிலாந்துத் தயாரிப்பு; ஸ்பீக்கரை இயக்கும் இரண்டு ஈ.எல்.84 வால்வுகளும், மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ஈ.இசட்.81 ரெக்டிஃபையர் வால்வும் கொண்ட 15 வாட் கிட்டார் பெட்டி. மற்றொன்று, உசிலம்பட்டிப் பக்கம் கல்யாண வீடுகளுக்கும் கோயில் கொடைகளுக்கும் போய்வந்த மைக் செட்காரர் ஒருவரிடம் வாங்கிய, இரண்டு ஈ.எல்.34 வால்வுகள் கொண்ட 50 வாட் ஆம்ப்ளிஃபயர். பழைய பெட்டியைப் பிறந்தபடியே மீட்பதா, இன்றைய தேவைக்கேற்ப மாற்றுவதா என்ற கேள்விக்கு இவ்விரண்டும் எனக்கு வெவ்வேறு விடைகளைத் தந்தன. கிட்டார் பெட்டியை மீட்க வேண்டும். மைக் செட்டைத் துணிந்து மாற்றலாம்.

எந்த வழியில் சென்றாலும் முதற்பாதி வேலை ஒன்றுதான். மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்ட்டர் கண்டன்சர்களில் (மின்தேக்கிகளில்) 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும். அதை ஒரு ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரில் சுழியத்தைக் கண்ட பிறகே கை வைக்க வேண்டும். எர்த் இல்லாத இரண்டு பின் வயரை எடுத்துவிட்டு, மூன்று பின் வயரைப் போட்டு, எர்த்தைச் சேசிஸ் எனும் உலோகச் சட்டத்தில் தனி போல்ட் வைத்து முறுக்க வேண்டும். இதைப் 'பழமையைக் கெடுப்பது' என்று கருதுபவர்களுடன் எனக்கு உடன்பாடு கிடையாது. கிட்டார் கம்பியைப் பிடித்திருப்பவரின் உயிர் இந்த ஒரு வயரில் இருக்கிறது. காய்ந்துபோன எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்களையும் மாற்றியே ஆக வேண்டும். முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது நூறு வாட் குண்டு பல்பைத் தொடராக இணைத்தால், உள்ளே ஷார்ட் இருக்கும்பட்சத்தில் பல்பு பளிச்சென எரிந்து டிரான்ஸ்ஃபார்மரைக் காப்பாற்றிவிடும்.

கிட்டார் பெட்டியின் கோளாறு அந்தப் பல்பைக் கழற்றி நேரடி மின்சாரம் கொடுத்த பிறகே தெரிந்தது. பத்து நிமிடத்தில் ஒரு ஈ.எல்.84-இன் உள்ளிருக்கும் உலோகத் தகடான பிளேட்டில், அளவுமீறிய சூட்டால் நகக்கண் அளவுக்குச் செம்மை படர்ந்தது. உடனே அணைத்து, அந்த வால்வை உருவி, மீண்டும் மின்சாரம் கொடுத்து, ஒலி வால்வுக்குள் நுழையும் கிரிட் முனையில் அளந்தபோது, சுழியம் காட்ட வேண்டிய இடத்தில் 4 வோல்ட் இருந்தது. முந்தைய கட்டத்தின் உயர் அழுத்தத்தைத் தடுத்து ஒலியை மட்டும் அனுப்ப வேண்டிய கப்ளிங் கண்டன்சர் கசிந்துகொண்டிருந்தது. இரண்டு ஈ.எல்.84-களுக்கும் உரிய கப்ளிங் கண்டன்சர்கள் இரண்டையும் அதே மதிப்பில் மாற்றியதும் செம்மை மறைந்தது. இரவு நேரத்தில் எங்கள் தெருவில் மின்னழுத்தம் 245 வோல்ட் வரை ஏறுவதால், வீட்டு மின்னழுத்தத்துக்கேற்பத் திருப்பிவைக்கும் மெயின்ஸ் தேர்வியை 225-இலிருந்து 245-க்கு மாற்றினேன், வால்வைச் சூடாக்கும் ஹீட்டரில் 6.8 வோல்ட் வரை ஏறியிருந்த அழுத்தம் 6.3-க்கு இறங்கியது. பெட்டி கேட்டதெல்லாம் இவ்வளவுதான்.

மாற்றத்தை விரும்புபவர்கள் இந்த இடத்தில் ரெக்டிஃபையர் வால்வுக்குப் பதிலாக சிலிக்கான் டையோடு போடச் சொல்வார்கள். டையோடில் இழப்பு குறைவு என்பதால் உயர் அழுத்தம் இன்னும் ஏறும். ஈ.எல்.84 பிளேட்டின் வரம்பு 12 வாட். 300 வோல்ட்டில் 40 மில்லி ஆம்பியர் ஓடினாலே அந்த வரம்பு எட்டிவிடும். ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் வால்வை மேலும் தள்ளுவதுடன், ஓங்கி மீட்டும்போது அழுத்தம் சற்றே தளர்ந்து மீள்வதால் வரும் அந்த மென்மையையும் இழப்போம். கெயினை, அதாவது ஒலி பெருகும் அளவை, குறைக்க வேண்டுமானால், பெருக்கக் காரணி 100 உள்ள முதல் கட்டத்து ஈ.சி.சி.83 வால்வை உருவிவிட்டு 60 உள்ள 12ஏ.டி.7-ஐச் செருகிப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் ஒரு நிமிடத்தில் பழையபடி ஆகிவிடும். சேசிஸில் போட்ட துளை அப்படி மூடாது.

பழையதை மாற்றக் கூடாது என்பதற்கு எதிராக, கிட்டார் ஆம்ப்ளிஃபயர் நிறுவனமான மார்ஷலின் வரலாறு காட்டப்படுவதுண்டு. ஃபென்டர் நிறுவனத்தின் பாஸ்மேன் ஆம்ப்ளிஃபயரின் மின்சுற்றை அடிப்படையாகக் கொண்டு, முதல் வால்வை 12ஏ.ஒய்.7-இலிருந்து ஈ.சி.சி.83 ஆக்கி, 1962-இல் ஜிம் மார்ஷலின் லண்டன் கடையில் ஜே.டி.எம்.45 ஆம்ப்ளிஃபயர் உருவானது உண்மையே. ஆனால் அவர்கள் புதிய சேசிஸில் புதிய பெட்டியைக் கட்டினார்கள். பழைய பாஸ்மேன் ஒன்றைத் துளைபோட்டு அதைச் செய்யவில்லை.

மைக் செட் விஷயத்தில் என் மனத்தடை முழுவதும் விலகிவிடுகிறது. பேச்சுக்கும் குழாய் ஸ்பீக்கருக்கும் என வடிவமைக்கப்பட்ட அதைப் பிறந்தபடியே மீட்டால், கிட்டார்காரருக்கு அதில் பயனில்லை. மைக்குக்கான உள்ளீட்டு டிரான்ஸ்ஃபார்மரை நீக்கி, 1 மெகா ஓம் ரெசிஸ்டரைத் தரைக்கும், 68 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கிரிட்டுக்கும் கொடுத்தேன். முதல் கட்டத்து வால்வின் கேத்தோடு முனையில் (எலக்ட்ரான்கள் புறப்படும் முனையில்) இருந்த 25 மைக்ரோ ஃபேரட் கண்டன்சருக்குப் பதிலாக 0.68 போட்டவுடன், கீழ்ச்சுரங்களின் கலங்கல் தெளிந்தது.

கவனம் முழுவதும் வெளியீட்டில் தேவை. நீண்ட வயரில் பல குழாய் ஸ்பீக்கர்களை இணைப்பதற்கான 100 வோல்ட் லைன் முனை என்பது 50 வாட் பெட்டியில் 200 ஓம் சுமையை எதிர்பார்ப்பது. அதில் 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் வால்வுகள் இருபத்தைந்தில் ஒரு பங்கு சுமையையே காணும், விரைவில் கெடும். என் பெட்டியில் நல்லவேளையாக 8 ஓம் முனையும் இருந்தது. இல்லாதவர்கள் டிரான்ஸ்ஃபார்மரைப் புதிதாகச் சுற்றக் கொடுக்கும்போது, மோட்டார் காயில் கட்டுபவரிடம், வால்வுப் பக்கச் சுற்றான பிரைமரியையும் ஸ்பீக்கர் பக்கச் சுற்றான செகண்டரியையும் அடுக்கடுக்காக மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும் என்பதை வரைந்தே காட்டிவிட வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாக மொத்தமாகச் சுற்றினால் மேல்சுரங்கள் மங்கிவிடும்.

கிட்டாரின் ஆறாவது கம்பி 82 ஹெர்ட்ஸில் அதிர்வது. பழைய குழாய் ஸ்பீக்கரில் அந்தக் கம்பியை மீட்டியபோது தகரம் தட்டியது போன்ற ஓசைதான் வந்தது. பின்புறம் திறந்த மரப்பெட்டியில் 12 அங்குல ஸ்பீக்கரை மாட்டி அதே கம்பியை மீட்டியபோது, மேசையில் கிடந்த ஸ்குரூக்கள் நடுங்கின.