சுங்கை சிப்புட்டில் மலிவாக எண்ணெய் ஊற்ற எது வழி?

பட்டணத்தில் எந்த எண்ணெய் நிலையம் மலிவு என்று கேட்டால் பதில் சுருக்கமானது: எல்லாம் ஒன்றுதான். அரசாங்கம் வாரந்தோறும் புதன்கிழமை விலையை அறிவிக்கிறது; வியாழன் பிறந்ததும் அது நடப்புக்கு வருகிறது. பெட்ரோனாஸ், ஷெல், கால்டெக்ஸ், பிஎச்பி, பெரியவர்கள் இன்னமும் எஸ்ஸோ என்றே சொல்லும் பெட்ரோன், எங்கே நிறுத்தினாலும் சாதாரண பெட்ரோலான ரோன்95 ஒரே விலை. ஈப்போவில் மலிவு என்பதும் வீண்பேச்சு. ஆகவே நிலையங்களை ஒப்பிடுவதை விட்டுவிட்டு, வாங்கும் வழிகளை ஒப்பிடுவோம்.

முதலில் மைகாட், அதாவது நம் அடையாள அட்டை. 2025 செப்டம்பர் 30 முதல், ரோன்95க்கு மானியம் தரும் பூடி95 திட்டம் எல்லா மலேசியர்களுக்கும் திறந்துவிடப்பட்டது. அப்போது மானிய விலை லிட்டருக்கு 1.99 ரிங்கிட், மானியம் இல்லாத விலை 2.60. ஒரு லிட்டரில் 61 சென் வித்தியாசம். மைவி காரில் 30 லிட்டர் ஊற்றினால் 18 ரிங்கிட் 30 சென். எண்ணெய் ஊற்றும்போது புள்ளி சேர்க்கும் அட்டை எதுவும் இந்த அளவுக்கு மிச்சம் தராது. ஆளுக்கு மாதம் 300 லிட்டர் என்று தொடங்கிய ஒதுக்கீட்டைத் தோட்டத்துக்கும் பட்டணத்துக்கும் மோட்டார் சைக்கிளில் போய்வருகிறவர் எட்டக்கூட மாட்டார்.

ஆனால் மைகாட் மட்டும் போதாது, நடப்பிலுள்ள லைசென்ஸும் வேண்டும். இங்கேதான் நம் ஆட்கள் பலர் பணத்தைக் கோட்டைவிடுகிறார்கள். "செம்பனைத் தோட்டத்துக்குள் ஓட்டுவதற்கு லைசென்ஸ் எதற்கு?" என்று காலாவதியானதைப் புதுப்பிக்காமல் விட்டவர்களுக்கு மானிய விலை கிடையாது. மோட்டார் லைசென்ஸுக்கு வருடக் கட்டணம் 20 ரிங்கிட், காருக்கு 30. லிட்டருக்கு 61 சென் கணக்கில், மோட்டார்காரர் 33 லிட்டரிலும் கார்க்காரர் 50 லிட்டரிலும் அதை மீட்டுவிடலாம். கார் வைத்திருப்பவருக்கு அது இரண்டு தடவை எண்ணெய் ஊற்றும் வேலை. அஞ்சல் நிலையத்திலேயே புதுப்பிக்கலாம். எண்ணெய்ச் செலவைக் குறைக்க இதைவிட நல்ல முதலீடு எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது கிரெடிட் கார்டு. ஒரு சதவீதம் திரும்பத் தரும் அட்டை என்று வைத்துக்கொள்வோம். 30 லிட்டருக்கு 59 ரிங்கிட் 70 சென் கட்டினால் கிடைப்பது 60 சென். ஆனால் ஒவ்வோர் அட்டைக்கும் வருடம் 25 ரிங்கிட் சேவை வரி உண்டு. அதை ஈடுகட்டவே 42 முறை எண்ணெய் ஊற்ற வேண்டும். வாரம் ஒருமுறை ஊற்றுகிறவருக்கு வருடத்தில் பத்து மாதம் வரிக்கே போய்விடும். ஐந்து சதவீதம் தரும் அட்டைகள் கணக்குக்கு ஒத்துவரும். ஆனால் மாத உச்சவரம்பு, வார இறுதி மட்டும், குறைந்தபட்சச் செலவு என்று நிபந்தனைகள் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும். படித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

டெபிட் கார்டில் வேறு தொல்லை. பம்பிலேயே அட்டையைச் செருகினால் முன்கூட்டியே 200 ரிங்கிட்டைப் பிடித்து வைத்துவிட்டு, மீதியைப் பிறகுதான் விடுவிப்பார்கள். மாதக் கடைசியில் கணக்கில் 150 ரிங்கிட் வைத்திருப்பவருக்கு இது சரிப்படாது. முகப்பில் தொகையைச் சொல்லிக் கட்டுவதே அவருக்கு நல்லது.

புள்ளி அட்டைகளும் செயலிகளும் வழியில் இருக்கும் நிலையத்தில் கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம். புள்ளிக்காகச் சுற்றிப் போவது மட்டும் நஷ்டம். நூறு கிலோமீட்டருக்கு ஆறு லிட்டர் குடிக்கும் சின்னக் கார், போக வரப் பத்து கிலோமீட்டர் அதிகம் ஓடினால் 1 ரிங்கிட் 20 சென் காலி. மேலே சொன்ன ஒரு சதவீதத்தைப் போல இரண்டு மடங்கு அது. வேலைக்கோ சந்தைக்கோ போகும் வழியில் எந்த நிலையம் இடது பக்கம் வருகிறதோ, அதுவே மலிவான நிலையம்.

ரோன்97? மானியம் கிடையாது, விலையும் வாரத்துக்கு வாரம் மாறும். எஞ்சினில் தட்டல் வராமல் தாங்கும் திறன் அதில் கூடுதல், அவ்வளவே. ரோன்95 போதும் என்று தயாரிப்பாளரே சொல்லும் வண்டிக்கு அதை ஊற்றுவது வெறும் ஆடம்பரம்.

கடைசியாக, புட்டியில் விற்கும் பெட்ரோல். தோட்டத்துப் பாதையில் வண்டி நின்றுபோனால் கைகொடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் விற்பவர் தன் லாபத்தை ஏற்றித்தான் கொடுப்பார், அளவையும் புட்டியைப் பார்த்து நாமே ஊகிக்க வேண்டும். நிலையத்தில் நாமாகக் கலனில் பிடித்து வரலாமே என்றால், அதற்கு அனுமதி வேண்டும். புல்வெட்டும் இயந்திரத்தை நம்பிப் பிழைப்பவர்கள் உள்நாட்டு வாணிப அமைச்சின் கிளை அலுவலகத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து வைத்துக்கொள்ளட்டும்.