மாவு மில்லாக ஆடிய வண்டியும் ஒரு தகரக் கொட்டகைப் பட்டறையும்

காரைக்குடியில் சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டுகிறேன். கானாடுகாத்தான் வீடுகள், ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி என்று வருகிறவர்கள்தான் பெரும்பாலும் சவாரி. போன மாசம் பள்ளத்தூர் ஆச்சி ஒருவரை மதுரை ஏர்போர்ட்டுக்கு ஏற்றிப் போனேன். வழியில் டீக்கடை முன்னால் ஏசி ஓட நிறுத்தியிருந்தபோது பின்சீட்டிலிருந்து குரல் வந்தது: "ஏம்ப்பா, மாவு மில்லுக்குள்ள உக்காந்த மாதிரியில்ல இருக்கு!"

எனக்கும் தெரிந்த விஷயம்தான். டீசல் வண்டி, 1,60,000 கிலோமீட்டர் ஓடியது. நின்றால் ஸ்டீயரிங் நடுங்கும், டேஷ்போர்டுப் பிள்ளையார் தலையாட்டுவார், ஏசி போட்டால் பெல்ட் கீச்சிடும். ஏற்கெனவே ஒரு ஒர்க்‌ஷாப்பில் என்ஜினைத் தாங்கும் மவுண்டிங்கை மாற்றி, பெல்ட்டும் புதுசு போட்டு 7,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள். ஆட்டம் போகவில்லை. புது பெல்ட்டின் ஓரம் இரண்டே மாதத்தில் நூல் நூலாகப் பிரிந்தது.

அப்புறம்தான் இந்தப் பட்டறை. செக்காலை ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், வேப்பமரத்தடியில் தகரக் கொட்டகை. பெயர்ப் பலகை கிடையாது. ஒரு அண்ணன், கூட ஒரு பையன், அவ்வளவுதான்.

பானட்டைத் திறந்து 'உம்' கொட்டுவார் என்று நினைத்தேன். முன் வலது சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருந்த பிளாஸ்டிக் மறைப்பை எடுத்துவிட்டு டார்ச் அடித்துக் காட்டினார். அங்கே இருந்தது கிராங்க் புல்லி, அதாவது என்ஜினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் முனையில் இருந்து பெல்ட்டை ஓட்டும் சக்கரம். பார்க்க ஒரே இரும்புத் துண்டு மாதிரிதான் இருக்கும். ஆனால் நடுவில் குடம், வெளியே பெல்ட் ஓடும் வளையம், இரண்டையும் பிடித்திருப்பது ஒரு ரப்பர். ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது கிராங்க் ஷாஃப்ட் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு திரும்பும். அந்த அதிர்வை வாங்கிக்கொள்வது இந்த ரப்பரின் வேலை. என் வண்டியில் அது கோடைக் கண்மாய்த் தரை மாதிரி வெடித்துக் கிடந்தது.

வெடிப்பைப் பார்த்ததுமே மாற்றச் சொல்லவில்லை. குடத்திலிருந்து வெளி வளையம் வரைக்கும் வெள்ளை பெயின்டால் நேராக ஒரு கோடு போட்டு, சக்கரத்தை மாட்டி, "கோட்டையூர் வரைக்கும் ஒரு நடை போய்ட்டு வாங்க" என்றார். வந்து பார்த்தால் உள்கோடு ஒரு பக்கம், வெளிக்கோடு இரண்டு விரற்கடை தள்ளி. வளையம் வழுக்கியிருக்கிறது. அது முழுசாகக் கழன்றிருந்தால் பெல்ட் போயிருக்கும். என் வண்டியில் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரோடு, என்ஜினைக் குளிரவைக்கும் தண்ணீர் பம்ப்பும் அந்த பெல்ட்டில்தான் ஓடுகிறது.

புல்லியை மாற்றத்தான் வேண்டும். கம்பெனி சாமான், போல்ட்டோடு 5,200 ரூபாய். வெளிச் சாமான் 2,100. "ரப்பர் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது, முடிவு உங்களோடது" என்றார். கம்பெனி சாமானே சொன்னேன். மதுரையிலிருந்து மறுநாள் சாயங்காலம்தான் வந்தது. எனக்கு ஒரு சவாரி போச்சு.

வேலையைப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். சுத்தியலைத் தொடவே இல்லை. புல்லியை இழுத்துக் கழற்றும் புல்லர் கருவியை வெளி வளையத்தில் கொக்கி போடாமல் குடத்தில் பிடித்து இழுத்தார். பின்னால் ஆயில் சீல் லேசாக ஈரமாக இருக்க, திறந்த கையோடு அதையும் மாற்றினார், 350. பெல்ட் 900, கூலி 1,200. மொத்தம் 7,650 ரூபாய், கையால் எழுதிய பில். போல்ட்டைப் பழையதே போதும் என்று விடாமல் புதுசைப் போட்டு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் முறுக்கினார். பழைய புல்லியையும் கையில் கொடுத்தார். வீட்டில் வைத்து வளையத்தைத் திருகிப் பார்த்தேன். ஊறுகாய் ஜாடி மூடி மாதிரி சுற்றுகிறது.

பிள்ளையார் இப்போது ஆடாமல் இருக்கிறார். கீச்சு சத்தம் இல்லை. ஏசி போட்டு நிற்கும்போது மட்டும் சீட்டில் லேசான உதறல் உண்டு. டீசல் வண்டிக்கு அதுகூட இல்லாமல் எப்படி?

குறையும் சொல்லிவிடுகிறேன். உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது, போன் எடுப்பதில்லை. மறைப்பில் ஒரு கிளிப்பைப் போட மறந்திருக்கிறார்கள். குன்றக்குடி போகும்போது படபடவென்று அடித்தது. திரும்பப் போனேன், பையன் காசு வாங்காமல் போட்டுக் கொடுத்தான். போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். மதியம் ஒரு மணிக்கு மேல் அந்தக் கொட்டகையில் நாய் மட்டும்தான் இருக்கும்.