தலைக்கு மேல் ஓடிய ரயில்: நியூயார்க்கின் மூன்று வகைப் பழைய படங்கள்

நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவில் இரண்டாம், மூன்றாம், ஆறாம், ஒன்பதாம் அவென்யூக்களின் மேலே இரும்புத் தூண்களில் ஓடிய நான்கு ரயில் பாதைகளில் ஒன்றுகூட இன்று அங்கில்லை. ஆறாம் அவென்யூப் பாதை 1938-இல் மூடப்பட்டு மறு ஆண்டே பிரித்தெடுக்கப்பட்டது. கடைசியாக எஞ்சிய மூன்றாம் அவென்யூப் பாதையின் மன்ஹாட்டன் பகுதியும் 1955-இல் நின்றுபோனது. அவற்றை இனிப் புகைப்படங்களில்தான் காண முடியும். எளிதில் கிடைப்பவை மூன்று வகை: ஸ்டீரியோ அட்டைகள், டெட்ராய்ட் பப்ளிஷிங் கம்பெனியின் கண்ணாடி நெகட்டிவ்கள், 1930-களில் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பெரனிஸ் ஆபட் எடுத்த படங்கள். மூன்றும் ஒன்றாகக் கலந்தே பகிரப்படுவதால், எதில் எதைத் தேடுவது என்பது பலருக்கும் பிடிபடுவதில்லை.

காலத்தால் மூத்தது ஸ்டீரியோ அட்டை. நம் இரு கண்களைப் போலவே சற்று விலகி அமைந்த இரண்டு லென்சுகள் ஒரே காட்சியை இரு கோணங்களில் பதிய, அவ்விரண்டையும் ஒரே அட்டையில் அருகருகே ஒட்டி, கைக்கருவி ஒன்றின் வழியே பார்த்தார்கள். தெருவுக்கு மேலே ஓடும் ரயிலுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஏனெனில் சாதாரணப் படத்தில் தண்டவாளமும் அதன் பின்னாலுள்ள கட்டடங்களும் ஒன்றோடொன்று ஒட்டிப்போகின்றன. ஸ்டீரியோவிலோ பாதை முன்னால் எழுந்து நிற்க, தெரு கீழே இறங்கிவிடுகிறது. மன்ஹாட்டனின் தென்முனையிலுள்ள கோயன்டீஸ் ஸ்லிப்பில் பாதை இருமுறை வளைந்து செல்லும் இடத்தை இப்படிப் பார்க்கும்போதுதான் அந்த வளைவின் துணிச்சல் புரியும். இன்னொரு நன்மையும் உண்டு. இந்தக் கேமராவின் தகடு சிறியது, லென்சின் குவியத் தூரமும் குறைவு. எனவே ஒளிபதியும் நேரம் மிகவும் சுருங்கியது. 1859-இலேயே அந்தோணி என்ற நியூயார்க் புகைப்பட நிறுவனத்தார் பிராட்வே சாலையில் நடமாடும் மக்களை அசைவு கலங்காமல் இப்படிப் பிடித்துவிட்டார்கள். குறை என்றால், படம் சிறியது என்பதால் பெரிதாக்கினால் பெயர்ப்பலகைகள் கரைந்துவிடும். பல அட்டைகளில் ஆண்டும் இராது. நியூயார்க் பொது நூலகம் இவற்றைப் பெருமளவில் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. ஆனால் அட்டையின் ஒரு பாதியை மட்டும் வெட்டிப் பகிர்வது, அந்தப் படம் எதற்காக எடுக்கப்பட்டதோ அதையே எறிந்துவிடுவதாகும்.

டெட்ராய்ட் கம்பெனியின் படங்கள் அஞ்சலட்டைக்காகவும் சுவரில் மாட்டும் அச்சுக்காகவும் எடுக்கப்பட்டவை. பெரும்பாலும் 8-க்கு 10 அங்குலக் கண்ணாடித் தகடுகள். கம்பெனி 1924-இல் திவாலான பிறகு பல கைகள் மாறி, இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. ரயில் எப்படி இயங்கியது என்று அறிய விரும்புபவர் முதலில் இங்கேதான் வரவேண்டும். 1900-ஐ ஒட்டி மன்ஹாட்டனின் பௌரி என்ற தெருவில் எடுத்த படத்தில், இரு ஓரங்களிலும் நடைபாதைகளுக்கு மேலே ரயில் பாதைகளும் நடுவே டிராம் தண்டவாளங்களும் தெளிவாகத் தெரிகின்றன. தூண்கள் எங்கே ஊன்றப்பட்டன என்று விரல் வைத்து எண்ணலாம். காலத்தைக் கணிக்கவும் ஒரு வழி உண்டு: 1903-க்குள் நான்கு பாதைகளும் மின்மயமாகிவிட்டதால், பயணிகள் பெட்டிகளை நீராவி எஞ்சின் இழுத்துச் செல்லும் படம் அதற்கு முந்தையது. இக்கம்பெனியின் வண்ண அச்சுகளை மட்டும் அப்படியே நம்பக்கூடாது. கறுப்பு வெள்ளை நெகட்டிவின் மேல் அச்சகத்தார் தேர்ந்தெடுத்துச் சேர்த்த நிறங்கள் அவை. தூண்களின் உண்மையான வண்ணத்துக்கு அவை சான்றாகா.

பெரனிஸ் ஆபட்டும் அதே 8-க்கு 10 அங்குல அளவில்தான் எடுத்தார். ஆனால் அவர் நின்ற இடம் வேறு. பாரிஸிலிருந்து 1929-இல் திரும்பியவர், மாறிக்கொண்டிருந்த நியூயார்க்கைப் பதிவு செய்ய 1935 முதல் கலைஞர்களுக்கு வேலை தந்த அரசுத் திட்டமான ஃபெடரல் ஆர்ட் புராஜெக்ட் வழியே ஊதியம் பெற்றார். இரண்டாம், மூன்றாம் அவென்யூப் பாதைகள் சேரும் பௌரி–டிவிஷன் தெரு முனையில் 1936-இல் அவர் எடுத்த படத்தில், தண்டவாளக் கட்டைகளின் இடுக்கு வழியே இறங்கும் வெயில் தெருவில் வரிவரியாக விழுகிறது. அஞ்சலட்டைக்காரர்கள் பாதையின் வெளியே நின்று அதைக் காட்சிப் பொருளாக்கினார்கள். ஆபட் அதன் அடியில் நின்று, பகலிலும் பாதி வெளிச்சத்தில் கடை நடத்தியவர்களின் தெருவைக் காட்டினார். பாதைகளை அகற்றச் சொல்லி நகரத்தார் ஏன் அவ்வளவு காலம் போராடினார்கள் என்பதற்கு இந்த ஒரு படம் போதும். என்றாலும் எஞ்சினையோ நிலையத்தின் அமைப்பையோ தேடுபவருக்கு ஆபட் அதிகம் தரமாட்டார்.

ஒன்றையே தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், மாதிரி ரயில் செய்பவருக்கும் பொறியியல் மாணவருக்கும் டெட்ராய்ட் நெகட்டிவ்களைத்தான் சொல்வேன். எனக்கென்று கேட்டால் ஆபட்டின் நிழல் விழுந்த தெருவை எடுத்துக்கொள்வேன். அருகில் ஒரு ஸ்டீரியோ அட்டையும், அதைப் பார்க்கும் கருவியும் இருக்கட்டும்.