போர்ட் வழி வீலானா, டேக் வழி வீலானா?

கல்முனையில் கீழ்மாடியில் கடையும் மேல்மாடியில் அலுவலகமும் நடத்தும் ஒருவர், கணக்குக் கணினிகள், கமராக்கள், வாடிக்கையாளருக்கான வைஃபை ஆகியவற்றை ஒன்றோடொன்று கலக்காமல் வைக்க வீலான் (VLAN), அதாவது ஒரே வலையமைப்பைத் தனித்தனிக் குழுக்களாகப் பிரிக்கும் முறை, உதவும். அதை அமைக்க இரண்டு வழிகள் உள்ளன.

போர்ட் வழி வீலானில், கருவிகளைக் கேபிளால் இணைக்கும் சுவிட்ச்சின் எந்தப் போர்ட் (கேபிள் செருகும் இடம்) எந்தக் குழுவுக்குரியது என்று குறித்தால் போதும். ஒரே சுவிட்ச் உள்ள இடத்துக்கு இதுவே நிறைவானது. மேல்மாடிக்கு இரண்டாவது சுவிட்ச் வந்ததும் குழுவுக்கொரு கேபிள் இழுக்க நேரிடும்.

டேக் வழியான 802.1க்யூ (802.1Q) முறையோ ஒவ்வொரு ஃபிரேமிலும் (தரவுத் துண்டிலும்) 4 பைட் டேக்கை, அதாவது அடையாளக் குறியைச் சேர்த்து, 1 முதல் 4094 வரையான வீலான் எண்களில் ஒன்றை அதில் பதிப்பதால், ஒரே கேபிளில் எல்லாக் குழுக்களும் தனித்தனியே செல்கின்றன. இதில் மிகுந்த கவனம் வேண்டும். பல சுவிட்ச்சுகளில் எந்தப் போர்ட் எந்த வீலானில் உள்ளது என்ற உறுப்பினர் பட்டியல் ஓர் அமைப்புப் பக்கத்திலும், டேக் இல்லாமல் போர்ட்டுக்குள் வரும் தரவு எந்த வீலானுக்குப் போகும் என்று குறிக்கும் எண்ணான பிவிஐடி (PVID) வேறொரு பக்கத்திலும் இருக்கும். கமரா உள்ள 5ஆம் போர்ட்டை வீலான் 20இல் டேக் இல்லாத உறுப்பினராகச் சேர்த்துவிட்டு பிவிஐடியை 1 என்றே விட்டால், கமரா அனுப்பும் தரவு வீலான் 1க்குள் போய்விடும். வீலான் 20இல் உள்ள பதிவுக் கருவிக்குப் படம் வராது.

இன்னொரு சுவிட்ச் வாங்கும் எண்ணம் சிறிதேனும் இருந்தால், தொடக்கத்திலேயே 802.1க்யூ முறையில் அமைத்து, சுவிட்ச்சுகளை இணைக்கும் போர்ட்டுகளை மூன்று வீலான்களுக்கும் டேக் உள்ள உறுப்பினராக்குவதே நல்லது.